புரத டப்பாவின் விலை யாருக்குப் போகிறது?



நோயுற்றாரைக் காணச் செல்பவர் வெறுங்கையோடு செல்வதில்லை என்பது நம் மக்களின் நெடுநாளைய வழக்கம். முன்னாளில் அந்தக் கையில் நான்கு சாத்துக்குடியோ, ஒரு சீப்பு வாழைப்பழமோ, ஒரு ரொட்டிப் பொட்டலமோ இருந்தது. இன்று அவ்விடத்தைப் பளபளப்பான டப்பா ஒன்று பிடித்துக்கொண்டது. பிள்ளை பெற்ற மகளுக்கு ஒன்று. பள்ளியிறுதித் தேர்வுக்குப் படிக்கும் பேரனுக்கு ஒன்று. அறுவை முடிந்து வீடு திரும்பிய தாத்தாவுக்கு ஒன்று. உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் வாலிபனுக்கு வாளி போன்ற பெரியது ஒன்று. இவ்வாறு புரதச்சத்து மாவு நம் இல்லங்களில் அரிசிப் பானைக்கு அடுத்த இடத்தைப் பெற்றுவிட்டது.

“சாமி, இதற்கு ஏன் இவ்வளவு விலை? உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?” என்று, தென்பெண்ணைக் கரையிலுள்ள எம் ஊராகிய மூங்கில்துறைப்பட்டில் அன்னையர் சிலர் கேட்டனர். கேள்வி சிறியதே. ஆயினும் அதில் கணக்கும் இருக்கிறது, நீதியும் இருக்கிறது. ஆகவே இம்மாதம் மறைக்கல்விப் பொருளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குச் செல்வோம். கடைத்தெருவும் கடவுளின் பார்வைக்கு அப்பாற்பட்டதன்று.

உடலுக்கு வேண்டியது எவ்வளவு?

புரதச்சத்து இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. தசையும் குருதியும் தோலும் அதனாலேயே ஆகின்றன. வளரும் பிள்ளைக்கும், கருவுற்ற தாய்க்கும், நோயிலிருந்து எழுபவர்க்கும் அது கூடுதலாக வேண்டும். ஆனால் எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவின்படி, வளர்ந்தவர்க்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் போதும். அஃதாவது 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம்.

இதை நம் அடுப்பங்கரைக் கணக்கில் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் 300 கிராம் அரிசியில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. இரண்டு கைப்பிடிப் பருப்பில், அதாவது 60 கிராமில், 13 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு தம்ளர் பாலில் 6 கிராம். நம் பக்கத்தார் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலை 30 கிராமில் 7 கிராம். கூட்டிப் பாருங்கள், 54 கிராம் வந்துவிட்டது. அரிசியில் குறைவாயுள்ள ஒரு கூறு பருப்பில் உண்டு. பருப்பில் குறைவாயுள்ளது அரிசியில் உண்டு. சோறும் பருப்பும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. நம் முன்னோர் ஆராய்ச்சிக் கூடம் காணாமலே இந்த மணவினையைச் செய்துவைத்தனர்.

டப்பாவின் பின்புறம்

டப்பாவின் முன்புறத்தில் ஓடும் குதிரையும் சிரிக்கும் குழந்தையும் இருக்கும். உண்மை பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். சேர்ந்துள்ள பொருள்களை எடை மிகுந்தது முதலாகக் குறைந்தது ஈறாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுச் சட்டத்தின் விதி. எனவே முதலில் வருவது எதுவோ அதுவே டப்பாவில் மிகுதி. குடும்பத்துக்கென விற்கப்படும் பானமாவுகள் பலவற்றில் முன்வரிசையில் நிற்பவை தானிய மாவு, மால்ட், சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின் ஆகியவையே. இவற்றில் 100 கிராமுக்குப் 10 கிராம் அளவே புரதம் இருப்பதும் உண்டு. பெரியோர்க்கென விற்கப்படும் சிலவற்றில் 15, 20, 30 கிராம் வரை இருக்கலாம். உடற்பயிற்சி செய்வோர் வாங்கும் ‘வே’ புரத மாவில் மட்டுமே 70, 80 கிராம் என்ற அளவைக் காண்கிறோம்.

மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். மக்காச்சோளம், மரவள்ளிக் கிழங்கு முதலியவற்றின் மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் வெண்பொடி அது. அதில் புரதம் இல்லை. சர்க்கரையிலும் இல்லை. கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் எங்கு விளைகின்றன? நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து வயல்களிலேயே விளைகின்றன. நாம் மூட்டைக் கணக்கிலும் டன் கணக்கிலும் மலிவாக விற்றவை, வெண்பொடியாகி, நறுமணம் பூசி, டப்பாவில் ஏறி, நம்மிடமே கிராம் கணக்கில் திரும்பி வருகின்றன.

கரும்பு வெட்டுக்குச் செல்லும் தாய் ஒருத்தியை நான் அறிவேன். “உன் மகள் மெலிந்திருக்கிறாள், இதைக் கொடு” என்று யாரோ சொல்ல, இரண்டு நாள் கூலியைக் கொடுத்து ஒரு டப்பா வாங்கினாள். மாதம் முழுவதும் வரவேண்டுமே என்று இரண்டு கரண்டிக்குப் பதில் ஒரு கரண்டி போட்டாள். பாலுக்குப் பதில் வெந்நீர் ஊற்றினாள். அந்தச் செலவை ஈடுகட்ட முட்டை வாங்குவதை நிறுத்தினாள். அந்த ஒரு கரண்டியில் மகளுக்குக் கிடைத்தது ஒன்றரை கிராம் புரதம். நின்றுபோன முட்டையில் இருந்தது ஆறு கிராம். அன்பில் குறைவில்லை, தியாகத்தில் குறைவில்லை. கணக்கு மட்டும் தலைகீழாகிவிட்டது. இந்த ஒரு வீட்டுக்காகவேனும் இக்கட்டுரை எழுதத்தக்கதே.

ஒரு ரூபாயின் பயணம்

வணிகனுக்குச் செலவே இல்லை என்று சொல்வது நீதியாகாது. மூலப்பொருள் வாங்க வேண்டும்; கலந்து உலர்த்த எந்திரமும் எரிபொருளும் வேண்டும்; டப்பா, உறை, சோதனை, வண்டி வாடகை, பணியாளர் ஊதியம், மொத்த வணிகர் பங்கு, சில்லறைக் கடைக்காரர் பங்கு, அரசின் வரி என ஒவ்வொன்றுக்கும் பணம் போகிறது. இவற்றோடு கண்ணுக்குப் புலப்படாத இரண்டு செலவுகளும் உண்டு. ஒன்று விளம்பரம், மற்றொன்று பெயர்.

பெயருக்கு என்ன விலை? ஹார்லிக்ஸ் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 1873ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லியம், ஜேம்ஸ் ஹார்லிக் என்னும் இங்கிலாந்து நாட்டுச் சகோதரர் இருவர் தொடங்கிய தொழில் அது. 2020ஆம் ஆண்டில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம், இந்தியாவில் அப்பெயரை உரிமையாக்கிக்கொள்வதற்கு மட்டும் 3,045 கோடி ரூபாய் கொடுத்தது. ஆலைக்கன்று, மாவுக்கன்று, பெயருக்கு! அப்பெயர் நம் தாய்மாரின் நெஞ்சில் மூன்று தலைமுறையாகச் சேர்த்துவைத்திருக்கும் நம்பிக்கையே அந்த விலை.

அதே நிறுவனம் 2023-24ஆம் ஆண்டில் ஏறத்தாழ 60,000 கோடி ரூபாய்க்கு வணிகம் செய்தது. விளம்பரத்துக்கும் விற்பனை ஊக்கத்துக்கும் 6,000 கோடிக்கு மேல் செலவிட்டது. வரியும் செலுத்தியபின் நின்ற இலாபம் 10,000 கோடிக்கு மேல். சோப்பு, தேயிலை உள்ளிட்ட எல்லாப் பொருள்களுக்கும் சேர்ந்த கணக்கு இது. ஒரு டப்பாவுக்கென்று தனியே பிரித்துச் சொல்ல இயலாது. ஆயினும் நாம் கொடுக்கும் பத்து ரூபாயில் ஏறத்தாழ ஒரு ரூபாய் நம்மை வாங்கத் தூண்டுவதற்கே செலவாகிறது என்பதை இது காட்டுகிறது. நம்மை மயக்கும் விளம்பரத்துக்கும் நாமே பணம் கட்டுகிறோம்!

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்த டப்பாக்கள் மருந்துக் கடையில் மருந்துகளோடு தோளோடு தோள் நிற்கின்றன. மருத்துவரின் சீட்டிலும் சிலபோது இடம் பெறுகின்றன. ஆதலால் இவையும் மருந்தே என மக்கள் எண்ணுகின்றனர். சட்டத்தின் கண்ணில் இவை உணவுப் பொருள்கள். 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, இன்றியமையா மருந்துகளுக்கு உச்சவிலை வகுக்கிறது. அதைக் கணக்கிடும்போது சில்லறை வணிகருக்கு 16 விழுக்காடு என்று வரையறுக்கிறது. அந்த வேலி புரத மாவுக்கு இல்லை. டப்பாவின் மேல் அச்சிடும் அதிகபட்ச சில்லறை விலையைத் தயாரிப்பவரே தீர்மானிக்கிறார். பின்பு அதில் ‘20 விழுக்காடு தள்ளுபடி’ என்று அறிவிப்பதும் அவர் கையிலேயே இருக்கிறது.

வேலி இல்லாத இடத்தில் வணிகப் பங்கு எவ்வளவு உயரக்கூடும்? 2019 பிப்ரவரியில் நடுவண் அரசு 42 புற்றுநோய் மருந்துகளின் வணிகப் பங்கை 30 விழுக்காட்டுக்கு மிகாமல் கட்டுப்படுத்தியது. உடனே அவற்றுள் சிலவற்றின் அச்சிட்ட விலை 90 விழுக்காடு வரை இறங்கியது! மருந்தின் குணம் மாறவில்லை, செய்முறை மாறவில்லை, இடையில் நின்ற கைகளின் பங்கு மட்டுமே மாறியது. புரத மாவிலும் அதே அளவு உண்டு என்று இதைக்கொண்டு முடிவு கட்டுவது தவறு. ஆனால் விலை என்பது பொருளின் மதிப்பு மட்டுமன்று என்பதற்கு இது போதுமான சான்று.

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் இம்மாவுகள் மீதான சரக்கு-சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. முன்பு 118 ரூபாய்க்கு விற்ற பொருள் அதனால் 105 ரூபாய்க்கு வரவேண்டும். நீங்கள் வாங்கும் டப்பாவில் அந்தப் பதின்மூன்று ரூபாய் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். கேட்பது குற்றமன்று, கேட்காமலிருப்பதே நம் பழைய குற்றம்.

கழிவுநீர் பொன்னான கதை

இளைஞர் வாங்கும் ‘வே’ புரதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலைத் திரித்துக் கட்டியாக்கினால் மேலே மங்கிய நீர் ஒன்று நிற்கும். அதுவே வே. பத்து லிட்டர் பாலில் ஏறத்தாழ ஒரு கிலோ பாலாடைக்கட்டி எடுத்தால், ஒன்பது லிட்டர் இந்நீர் எஞ்சும். மேல்நாடுகளில் நெடுங்காலம் இதைப் பன்றிக்கு ஊற்றினர். அல்லது வயலிலும் ஆற்றிலும் கொட்டினர். நீர்நிலைகள் மாசுபட்டபின் சட்டம் குறுக்கிட்டது. கொட்ட வழியில்லாத ஆலைகள் அதை வடிகட்டும் வழியைத் தேடின. மிக நுண்ணிய துளைகளுள்ள சவ்வுகளில் அந்நீரைச் செலுத்திப் புரதத்தை மட்டும் பிரித்து உலர்த்தும் முறை பரவிற்று. ஒரு லிட்டரில் உள்ள புரதம் 6 முதல் 8 கிராமே. ஆகவே ஒரு கிலோ மாவு செய்ய நூறு லிட்டருக்கு மேல் வே தேவை. எந்திரச் செலவும் உலர்த்தும் செலவும் மெய்யான செலவுகளே. ஆனால் அடிப்படைப் பொருள் ஒருகாலத்தில் சாக்கடைக்குச் சென்ற நீர் என்பதும் மெய்யே.

சர்க்கரை ஆலையின் நிழலில் வாழும் எம் ஊராருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூங்கில்துறைப்பட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் உழவர், சர்க்கரையைப் போலவே சக்கைக்கும் கழிவுப்பாகுக்கும் விலை உண்டு என்பதை அறிவார். சக்கை எரிந்து மின்சாரமாகிறது, காகிதமாகிறது, பாகு எரிசாராயமாகிறது. கழிவு பொன்னாகும்போது, முதலில் உழைத்தவனுக்கு அதில் பங்கு உண்டா என்பதே என்றுமுள்ள கேள்வி.

இதற்கு ஒரு விடையைக் குஜராத்தின் ஆனந்த் நகரில் காணலாம். 1946இல் பால் உழவர்கள் அமைத்த கூட்டுறவிலிருந்து வளர்ந்தது அமுல். பாலாடைக்கட்டி செய்தபின் எஞ்சிய வேயிலிருந்து அண்மை ஆண்டுகளில் அவர்களே புரத மாவு செய்து, பெரும்பாலும் இடைத்தரகரின்றித் தாமே விற்கின்றனர். நுகர்வோர் தரும் ரூபாயில் 80 காசுக்கு மேல் பால் தந்த உழவருக்கே திரும்புகிறது என்று அக்கூட்டுறவு கூறிவருகிறது. வணிகம் என்றாலே சுரண்டல் என்பதில்லை. பங்கு யாருக்குப் போகிறது என்பதே வேறுபாடு.

எழுதியது உள்ளே இருக்கிறதா?

விலை கொடுத்தாலும் சொன்ன பொருள் கிடைத்தால் ஓரளவு ஆறுதல். கேரளத்தின் ஆலுவாவில், அமல மரியின் கர்மேல் சபைத் துறவியர் நடத்தும் இராஜகிரி மருத்துவமனையைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்சும் தோழரும், இந்தியச் சந்தையில் விற்கும் 36 வகைப் புரத மாவுகளைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் புரத அளவு எழுதியபடி இல்லை. சிலவற்றில் எழுதியதில் பாதிதான் இருந்தது. 14 விழுக்காட்டில் பூஞ்சை நச்சும், 8 விழுக்காட்டில் பூச்சிமருந்தின் எச்சமும் காணப்பட்டன.

இந்த ஏமாற்று எவ்வாறு நடக்கிறது? 1883இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் கெல்டால் வகுத்த சோதனை, பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே நைட்ரஜன் நிறைந்த மலிவான பொருளைக் கலந்தால், புரதம் மிகுந்ததுபோல் சோதனை பொய்ச் சான்று சொல்லும். 2008இல் சீனத்தில் பாலில் மெலமின் என்ற வேதிப்பொருளைக் கலந்தது இவ்வாறுதான். ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு பச்சிளங்குழந்தைகள் மாண்டனர். படியைச் சிறிதாக்கித் துலாக்கோலைப் பொய்யாக்கும் வணிகரை இறைவாக்கினர் ஆமோஸ் கண்டித்தார். துலாக்கோல் இன்று ஆய்வுக்கூடத்துக்குள் சென்றுவிட்டது. பாவம் பழையதே.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதத்தில் இந்தியர்க்கான 17 உணவு நெறிகளை வெளியிட்டது. உடற்கட்டுக்காகப் புரத மாவுகளை நாடுவதைத் தவிர்க்குமாறு அதில் அறிவுறுத்தியிருக்கிறது. வாலிபர்கள் இதைக் கருத்திற் கொள்வார்களாக.

நம் சமையற்கட்டின் கணக்கு

இனி விலையை ஒப்பிடுவோம். விலைகள் ஏறியிறங்கும், கணக்கிடும் முறையைக் கற்றுக்கொள்வதே நோக்கம். டப்பாவின் விலையைப் பார்க்க வேண்டாம். அதிலுள்ள ஒரு கிராம் புரதத்தின் விலையைப் பாருங்கள். 400 கிராம் டப்பா 600 ரூபாய் என்றும், 100 கிராமில் 20 கிராம் புரதம் என்றும் கொள்வோம். மொத்தம் 80 கிராம் புரதம். ஒரு கிராம் ஏழரை ரூபாய். முட்டை ஏழு ரூபாய் என்றால் அதில் ஒரு கிராம் ஒரு ரூபாய்ச் சொச்சம். பொட்டுக்கடலை கிலோ 120 ரூபாய் என்றால், அதில் 220 கிராம் புரதம். ஒரு கிராம் ஏறத்தாழ 55 காசு. மல்லாட்டையும் அதையொட்டியே வரும்.

வீட்டிலேயே மாவு செய்ய விரும்புவோர்க்கு ஒரு பங்கீடு: கேழ்வரகு 400 கிராம், பொட்டுக்கடலை 300 கிராம், மல்லாட்டை 200 கிராம், பாசிப்பயறு 100 கிராம். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்தது. மற்றவற்றைத் தனித்தனியே வறுத்து, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் ஒரு கிலோ மாவில் ஏறத்தாழ 168 கிராம் புரதம். அரைவைக் கூலியோடு 120 ரூபாய்க்குள் முடியும். ஒரு கிராம் எழுபது காசு. சுருங்கிய, பூஞ்சை பிடித்த மல்லாட்டையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். முன்பு சொன்ன நச்சு அதில்தான் குடியிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள், எண்ணெய் காறிப்போகும். கஞ்சியாக நன்கு கொதிக்கவைத்தே கொடுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டாம்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1950களில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு மூன்று பங்கும் வறுத்த கடலை மாவு ஒரு பங்கும் சேர்த்து, நூற்றுக்கு நாற்பது பங்கு புரதமுள்ள மாவு ஒன்றை ஏழை மக்களுக்காக உருவாக்கியது. கத்தோலிக்க நிவாரண அமைப்பு வழியாகக் கோயில் வளாகங்களில் பால்மாவும் கோதுமையும் வழங்கப்பட்ட காலத்தை நம் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்தில் உலகமே புரதப் பஞ்சம் வருகிறது என்று அஞ்சியது. சேலத்தில் பிறந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்குத் தலைமை தாங்கிய டாக்டர் சி. கோபாலன் வேறொன்றைச் சொன்னார். நம் ஏழைக் குழந்தைக்குக் குறைவது புரதம் மட்டுமன்று. வயிறார உணவே குறைகிறது. பசித்த உடல் தனக்குக் கொடுத்த புரதத்தையும் விறகாக எரித்துவிடும். அரைவயிற்றுப் பிள்ளைக்குப் புரத மாவு கொடுப்பது, சந்தனக் கட்டையை அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும்.

அண்மைச் சான்று ஒன்றும் உண்டு. ஜார்க்கண்டு மாநிலத்தில் காசநோயாளர் குடும்பங்களில் பெரும் ஆய்வொன்று நடந்து, 2023இல் முடிவு வெளியாயிற்று. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், சத்து மாத்திரைகளும் வழங்கினர். அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது! அரிசியும் பருப்பும் செய்த அருஞ்செயல் இது.

இதனால் டப்பா எவருக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. விழுங்க இயலாதவர், தீப்புண் பட்டவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர், சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்பில் இருப்பவர் ஆகியோர்க்கு மருத்துவர் அறிந்து எழுதினால் அது உதவியே. அவ்வாறு வாங்குவதில் குற்றவுணர்வு வேண்டாம். அதே வேளையில், சுத்திகரிப்புக்கு முந்திய நிலையிலுள்ள சிறுநீரக நோயாளிக்கு மிகுதியான புரதம் தீங்காகலாம். ஆகவே கேளாமல் கொடுக்க வேண்டாம். அன்பளிப்பாகவும் கொடுக்க வேண்டாம்.

நீதியான விலை

புனித தோமா அக்குவினா, பெறுமானத்துக்கு மேல் ஒரு பொருளை விற்கலாமா என்ற கேள்வியைத் தம் இறையியல் பேருரையில் எழுப்பி ஆராய்கிறார். வணிகன் தன் உழைப்புக்கும் குடும்பத்துக்கும் மிதமான ஊதியம் பெறுவதை அவர் தடுக்கவில்லை. பொருளைப் பிரிவதால் விற்பவனுக்கு இழப்பு நேருமானால் அதையும் விலையில் சேர்க்க இடந்தருகிறார். ஆனால் வாங்குபவனின் தேவை மிகுந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக விலையை உயர்த்தக்கூடாது என்கிறார். ஏனெனில் அந்தத் தேவை விற்பவனுடைய உடைமையன்று. தன்னுடையதல்லாத ஒன்றை எவ்வாறு விற்பான்?

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்நெறி, இன்றைய டப்பாவுக்கு அப்படியே பொருந்துகிறது. மாவுக்கு விலை கேள். பாலுக்கு விலை கேள். உலர்த்திய கூலியைக் கேள். நியாயமான இலாபமும் கேள். ஆனால் ‘என் பிள்ளை பின்தங்கிவிடுமோ’ என்று தாய் அஞ்சும் அச்சத்துக்கு விலை கேட்காதே. அந்த அச்சம் உன் ஆலையில் விளைந்ததன்று. அதை விளம்பரத்தால் ஊட்டி வளர்த்து, பின் அதற்கு மருந்தென்று விற்பது இரட்டைக் குற்றம். 2024 ஏப்ரலில் நடுவண் அரசு, இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பின்கீழ் இணையக் கடைகள் விற்கலாகாது என அறிவுறுத்தியது. காலம் கடந்தும் வந்த நல்ல சொல் அது.

நம் பங்குகளில் செய்யத்தக்கவை சில உண்டு.

1. டப்பா வாங்குமுன் பின்புறத்தைப் படியுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை, தெரியாத பாட்டிக்குப் படித்துக் காட்டட்டும். அதுவும் ஓர் இரக்கச் செயல்.

2. பள்ளிச் சத்துணவில் 2010 முதல் வாரம் ஐந்து முட்டைகள் வழங்கப்படுகின்றன. அங்கன்வாடியில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் சத்துமாவு இலவசமாகக் கிடைக்கிறது. இவற்றை இழிவென்று ஒதுக்காதீர்கள். வரிப்பணத்தில் வந்த நம் உரிமை அது.

3. நம் மகளிர் சுயஉதவிக் குழுக்கள், உரிய உரிமம் பெற்று, கல்வராயன் மலைத் தானியங்களையும் நம் மல்லாட்டையையும் கொண்டு மாவு செய்து விற்கட்டும். உறையின்மேல் விலையோடு, பொருளுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, இலாபம் இவ்வளவு என்று அச்சிடட்டும். விலையை ஒளிக்காத வணிகம் எப்படியிருக்கும் என்பதைக் கிறிஸ்தவர் காட்ட வேண்டாமா?

4. நோயாளியைக் காணச் செல்லும்போது ஒரு டஜன் முட்டையோ, ஒரு கிலோ பருப்போ கொண்டு செல்லுங்கள். “டப்பா கொண்டுவரவில்லையே” என்று எவரும் குறைவாக எண்ணாதிருக்கப் பழகுவோம். முதலில் வசதியுள்ள வீட்டார் தொடங்கட்டும். இல்லாதோர் வெட்கமின்றித் தொடர்வர்.

பாபிலோனிய அரண்மனையில் வளர்ந்த தானியேலையும் அவர்தம் மூன்று தோழரையும் நினைவுகூர்வோம். அரசனின் பந்தி உணவை மறுத்து, மரக்கறியும் தண்ணீரும் போதும் என்றார்கள். அவர்கள் வாடிப்போவார்களோ என்று கண்காணிப்பாளன் நடுங்கினான். தானியேல் கேட்டதோ பத்து நாள் சோதனை மட்டுமே. பத்து நாளின் முடிவில் அரசுணவு உண்டோரைவிட அவர்கள் முகமே பொலிவுற்றிருந்தது.

அந்தக் கண்காணிப்பாளனின் நடுக்கம் இன்று ஒவ்வொரு தாயின் நெஞ்சிலும் இருக்கிறது. அதை ஏளனம் செய்யாமல், பத்து நாள் சோதித்துப் பார்ப்போம் என்று சொல்லும் தானியேல்களே நம் குடும்பங்களுக்குத் தேவை. உங்கள் அடுப்பில் பருப்பு வேகட்டும். உங்கள் பிள்ளைகள் வயிறார உண்ணட்டும். உங்கள் கூலி உங்கள் இல்லத்திலேயே தங்கட்டும்.

இறைவன் உங்கள் உணவையும் உழைப்பையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவில் அன்புள்ள,
உங்கள் பங்குத்தந்தை